இரைப்பை அறுவையும் பசியும்: நெய்யூரிலிருந்து நங்கநல்லூர் வரை

இரைப்பையின் மேற்பகுதியில், இடப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில் குவிமாடம்போலப் புடைத்து நிற்கும் இடத்துக்கு ஃபண்டஸ் என்று பெயர். சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது அங்குள்ள செல்களிலிருந்து கிரெலின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலந்து, மூளைக்குப் போய்ப் பசியைக் கிளப்புகிறது. சாப்பிட்டு முடித்த சிறிது நேரத்தில் அதன் அளவு இறங்கிவிடுகிறது. உடல் எடையைக் குறைக்க இன்று பரவலாகச் செய்யப்படும் ஸ்லீவ் அறுவை, இந்தக் குவிமாடத்தை அப்படியே வெட்டி வெளியே எடுத்துவிடுகிறது. ஆனால் முதன்முதலில் அப்படி வெட்டியவர்களுக்கு அங்கே பசியின் ஊற்று இருப்பது தெரியாது. அந்த வெட்டு 1988ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கிரெலின் கண்டுபிடிக்கப்பட்டது 1999இல். இரைப்பை அறுவையின் வரலாறு நெடுகிலும் இதே கதைதான். கை முந்திக்கொண்டது, விளக்கம் பின்னால் வந்தது. அந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு நீண்ட, அதிகம் பேசப்படாத பங்கு ஒன்று உண்டு.

பசியை ஒரு நோயாகப் பார்க்கும் வழக்கம் தமிழில் பழையது. பசிப்பிணி என்ற சொல்லே அதற்குச் சாட்சி. மணிமேகலையில் வரும் காயசண்டிகைக்கு முனிவர் ஒருவரின் சாபத்தால் யானைத்தீ என்னும் அடங்காப் பசி பிடிக்கிறது. எவ்வளவு தின்றாலும் தீராத அந்தப் பசி பன்னிரண்டு ஆண்டுகள் அவளை வாட்டுகிறது. அமுதசுரபியிலிருந்து வந்த உணவு அதைத் தணிக்கிறது. வயிற்றின் கொள்ளளவுக்கும் பசிக்கும் நேர்க்கணக்கு கிடையாது என்பது அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. நவீன மருத்துவம் அந்த இடத்துக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

தொடக்கத்தில் அது வயிற்றையே நம்பியது. 1912இல் அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனனும் அவருடைய மாணவர் வாஷ்பர்னும் ஒரு சோதனை செய்தார்கள். வாஷ்பர்ன் ஒரு ரப்பர் பலூனை விழுங்கினார். அது இரைப்பைக்குள் ஊதப்பட்டு, அதன் அழுத்தம் ஒரு கருவியில் பதிவானது. வயிறு கபகபவென்று இழுத்துப் பிடித்த நேரமும் அவர் பசிக்கிறது என்று குறித்த நேரமும் ஒத்துப்போயின. காலியான இரைப்பை சுருங்குவதே பசி என்று முடிவு கட்டினார்கள். பார்த்தால் சரியாகத்தான் தெரியும். ஆனால் 1931இல் வாங்கன்ஸ்டீனும் கார்ல்சனும், இரைப்பை முழுவதும் நீக்கப்பட்ட ஒரு நோயாளிக்கும் பசி எடுப்பதைப் பதிவு செய்தார்கள். சுருங்குவதற்கு இரைப்பையே இல்லை, பசி மட்டும் இருந்தது.

தேடல் அதன் பிறகு மூளைக்குப் போனது. இதில் முக்கியமான ஒரு பெயர் இந்தியருடையது. பால் கிருஷ்ண ஆனந்த், 1951இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ப்ரோபெக்குடன் சேர்ந்து, எலிகளின் மூளையில் ஹைப்போதலாமஸ் பகுதியின் இரு ஓரங்களிலும் மிகச் சிறிய இடத்தைச் சிதைத்தார். அந்த எலிகள் எதிரே தீனி இருந்தும் தின்னாமல் கிடந்தன. பசி மையம் என்ற சொல் பாடப்புத்தகத்துக்கு வந்தது இவ்வாறுதான். ஆனந்த் பின்னர் டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் உடலியல் துறையைக் கட்டியெழுப்பினார். எந்தச் செய்தியைக் கேட்டு அந்த மையம் விழித்துக்கொள்கிறது என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் அரை நூற்றாண்டு விடை இல்லை.

இந்தத் தேடல்கள் நடந்த காலத்தில் தமிழ் பேசும் தென்கோடியில் ஆயிரக்கணக்கான இரைப்பைகள் திறக்கப்பட்டுக்கொண்டிருந்தன. காரணம் உடற்பருமன் அன்று, குடற்புண். இடம் நெய்யூர், அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. இன்று கன்னியாகுமரி மாவட்டம். அங்கே லண்டன் மிஷன் மருத்துவமனை 1838இலிருந்து நடந்துவந்தது. 1922இல் எவரெஸ்ட் ஏறப் போய்த் திரும்பிய ஹோவர்ட் சோமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், ஊர் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தார். ஒரே ஒரு அறுவை மருத்துவர் திண்டாடிக்கொண்டிருந்த அந்த மருத்துவமனையைப் பார்த்துவிட்டு, அங்கேயே தங்கிப் பணிபுரிவதென்று முடிவெடுத்தார். 1924இல் மறுபடி எவரெஸ்டுக்குப் போய் ஆக்சிஜன் உருளை இல்லாமல் 28,000 அடி வரை ஏறியதும் அவரே. பின்னாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றினார். நெய்யூரில் அவருடைய கைக்கு அதிகம் வந்தது முன்சிறுகுடல் புண். சோற்றுக்கு இரண்டு மணி நேரம் கழித்து நெஞ்சுக்குழிக்குக் கீழே எரியத் தொடங்கும். எதையாவது தின்றால் அடங்கும். வருடக்கணக்கில் போனால் வாசல் அடைத்து வாந்தியில் முடியும்.

அங்கே ஏன் இவ்வளவு புண் என்ற கேள்விக்குக் குன்னூரிலிருந்து ஒரு பதில் வந்தது. அங்கு ஊட்டச்சத்து ஆய்வு நடத்திவந்த ராபர்ட் மக்காரிசன், எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி உணவுகளைத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் தின்ற எலிகளுக்கு வயிற்றுப் புண் வரவில்லை. மெட்ராஸ் ஏழைகளின் சோறு தின்றவற்றில் சிலவற்றுக்கு வந்தது. மரவள்ளிக்கிழங்கை நம்பிய திருவிதாங்கூர் உணவில் இன்னும் அதிகம். பிற்காலத்தில் ஹெலிகோபாக்டர் என்ற கிருமி முதன்மைக் காரணமாக நிலைநாட்டப்பட்டதால் இந்த விளக்கம் பின்னுக்குப் போனது. ஆனாலும் ஒரு வட்டாரத்தின் சாப்பாட்டுத் தட்டையும் அதன் வயிற்றையும் சேர்த்துவைத்துப் பார்த்த முயற்சி என்ற வகையில் அது நினைவில் வைக்கத் தக்கது.

சோமர்வெல் பெரிதும் செய்த அறுவை, இரைப்பையில் புதிய வாசல் ஒன்றைத் திறந்து சிறுகுடலின் ஒரு வளைவோடு தைத்துவிடுவது. உணவு பழைய வழியில் புண்ணின் மேல் உரசிக்கொண்டு போகாமல் குறுக்கே இறங்கிவிடும். 1943இல் சிகாகோவில் லெஸ்டர் டிராக்ஸ்டெட், இரைப்பைக்குச் செல்லும் வேகஸ் நரம்பை வெட்டினால் அமிலம் குறையும் என்று காட்டியபின் இரண்டும் ஒன்றாயின. நரம்பு வெட்டு, புது வாசல் என்ற இந்த ஜோடி, பின்வந்த தசாப்தங்களில் தென்னிந்திய அறுவை அரங்குகளின் அன்றாட வேலை ஆயிற்று. மெட்ராஸ் மருத்துவ மாணவர்கள் டி.வி., ஜி.ஜே. என்று சுருக்கிச் சொன்னது இதைத்தான். சென்னையின் தென்பகுதியில் பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறிப் பார்க் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே பெரியாஸ்பத்திரி என்ற அரசுப் பொது மருத்துவமனை. நங்கநல்லூர், பழவந்தாங்கல், ஆதம்பாக்கம் வாசிகளுக்கு வயிற்று அறுவை என்றால் போக்கிடம் பெரும்பாலும் அதுவாகவே இருந்தது. நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை இறங்கும் நேர்க்கோட்டுத் தழும்பு, அந்தத் தலைமுறை ஆண்களிடம் அல்சர் ஆபரேஷனின் அடையாளம்.

அறுவைக்குப் பின் இவர்களில் பலருக்குச் சில மாற்றங்கள் வந்தன. நாலு கவளத்தில் வயிறு நிறைந்துவிடும். இனிப்பைக் குடித்தால் கால் மணியில் வியர்த்து, படபடத்து, தலை சுற்றும். உடம்பு தேறவே தேறாது. பாடப்புத்தகங்கள் இவற்றை அறுவையின் பின்விளைவுகள் என்ற தலைப்பில் வரிசையாக எழுதிவைத்தன. இனிப்பால் வரும் படபடப்புக்கு டம்பிங் என்று பெயரும் இட்டன. ஏன் பசி குறைந்தது என்று தென்னிந்தியாவில் தனியாக யாரும் தேடியதாகத் தெரியவில்லை. தேடாததில் வியப்பும் இல்லை. மெலிந்த உடலோடு வந்தவர் இன்னும் மெலிவது, மருத்துவர் மறக்க விரும்பும் செய்தி.

அதே பின்விளைவை அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் வேறு கண்ணால் பார்த்தார். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் எடை ஏறாமல் இருப்பதைக் கவனித்து, 1966இல் சிகாஷி இட்டோவுடன் சேர்ந்து, கடும் உடற்பருமன் உள்ளவருக்கு இரைப்பையின் மேல்மூலையில் சிறு பை மட்டும் விட்டு, அதை நேரே சிறுகுடலோடு இணைத்தார். இன்று கேஸ்ட்ரிக் பைபாஸ் என்று சொல்லப்படுவதன் முதல் வடிவம் இது. இதற்குமுன் 1950களில் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தாண்டிவிடும் அறுவைகள் வந்திருந்தன. எடை குறைந்தது உண்மை. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கும் சிறுநீரகக் கல்லும் கல்லீரல் பழுதும் வந்ததால் அவை கைவிடப்பட்டன. சிறிய பை, குறைந்த சாப்பாடு, குறைந்த எடை: மேசன் காலத்துக் கணக்கு இவ்வளவு எளிமையானது.

கணக்கு உதைத்த இடம் நீரிழிவு. வட கரோலினாவில் வால்டர் போரீஸ் பைபாஸ் செய்த நோயாளிகளுக்கு, எடை இறங்கத் தொடங்குமுன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை சரியானது. இரண்டாம் வகை நீரிழிவு இருந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலானவர்களுக்கு இரத்தச் சர்க்கரை இயல்புக்குத் திரும்பியதென்று 1995இல் அவர் குழு எழுதியது. நங்கநல்லூரில் ஒரே கல்லில் வடித்த 32 அடி ஆஞ்சநேயருக்குக் குடமுழுக்கு நடந்ததும் அதே 1995இல். அந்த மூர்த்தியின் முழுப் பெயரில் ஆதிவியாதிஹர என்ற அடை உண்டு. ஆதி மனத்தின் துன்பம், வியாதி உடலின் துன்பம். இரண்டையும் போக்குபவர் என்று பொருள். பசி இந்த இரண்டில் எதைச் சேர்ந்தது என்பதுதான் அப்போது ஆய்வுக்கூடங்களிலும் கேள்வி.

விடையின் முதல் துண்டு 1994இல் கிடைத்தது. நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு, கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டறிந்தது. சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்று மூளைக்கு அது கணக்குச் சொல்கிறது. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத குழந்தைகள் சிலர் பின்னர் கேம்பிரிட்ஜ் மருத்துவர்களின் பார்வைக்கு வந்தார்கள். எந்நேரமும் பசி, எவ்வளவு தின்றாலும் பசி. லெப்டின் ஊசி போட்டதும் அது அடங்கியது. காயசண்டிகையின் கதைக்கு இவ்வளவு நெருங்கிவரும் மருத்துவக் குறிப்பு வேறில்லை. சாதாரண உடற்பருமனில் கதை வேறு. லெப்டின் ஏற்கெனவே ஏராளமாக இருக்கும், மூளைதான் காது கொடுப்பதில்லை. அதனால் லெப்டின் எடைக்குறைப்பு மருந்தாகவில்லை.

இரண்டாம் துண்டுதான் கிரெலின். ஜப்பானில் மசயாசு கொஜிமாவும் கெஞ்சி கங்காவாவும் 1999இல் எலியின் இரைப்பையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் பொருளைத் தேடிப் போனவர்களுக்குப் பசியைத் தூண்டும் பொருள் அகப்பட்டது. 2001இல் லண்டனில் தன்னார்வலர்களுக்குக் கிரெலினைச் சிரை வழியே செலுத்தியபோது அவர்கள் வழக்கத்தைவிடச் சராசரியாக 28 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். கிரெலின் வேளை தவறாமல் வருவது. காலை, மதியம், இரவு என்று பழகிய நேரத்துக்கு முன் ஏறும். சாப்பிடாவிட்டாலும் சற்றுப் பொறுத்துத் தானே இறங்கிவிடும். ஏகாதசி விரதம் இருப்பவர்கள் நன்கறிந்த விஷயம் இது. பதினொரு மணிக்கு வயிற்றைப் பிடுங்கிய பசி ஒரு மணிக்குக் காணாமல் போயிருக்கும். பசி கெட்டுப்போச்சு என்று வீடுகளில் சொல்வதற்கு உடலியல் விளக்கம் இதுவாக இருக்கலாம்.

அறுவையையும் ஹார்மோனையும் முதலில் இணைத்துக் காட்டியது 2002இல் டேவிட் கம்மிங்ஸ் குழுவின் ஆய்வு. உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்த 13 பேரின் இரத்தத்தில், நாள் முழுவதும் அளந்த கிரெலின் முன்பைவிட 24 சதவீதம் ஏறியிருந்தது. டயட் இருப்பவர்களின் பசி மனத்திண்மைக் குறைவு மட்டும் இல்லை, உடல் எதிர்த்துப் போராடுவதும்தான் என்பதற்கு இது கண்ணால் பார்க்கக்கூடிய எண். பைபாஸ் செய்துகொண்ட 5 பேரிடமோ, எடை குறைந்த பின்னும், இயல்பு எடைக்காரர்களைவிட 77 சதவீதம் குறைவாக இருந்தது. சாப்பாட்டுக்கு முன் ஏறி இறங்கும் அலையே தட்டையாகியிருந்தது.

ஐந்து பேரை வைத்து எழுதிய கட்டுரைக்கு அதன் தகுதிக்கு மேல் புகழ் கிடைத்தது என்று சொல்லலாம். பின்வந்த ஆய்வுகளில் பைபாஸுக்குப் பின் கிரெலின் சிலரிடம் குறைந்தது, சிலரிடம் மாறவில்லை, சிலரிடம் ஏறியது. ஸ்லீவில் மட்டும் படம் தெளிவு. சுமார் முக்கால் பங்கு இரைப்பை, ஃபண்டஸ் உட்பட, போய்விடுவதால் கிரெலின் விழுந்து நீண்ட காலம் தாழ்ந்தே இருக்கிறது. ஆனால் அங்கும் ஒரு முடிச்சு. பிறவியிலேயே கிரெலின் இல்லாத சுண்டெலிகளுக்கு ஸ்லீவ் செய்தபோதும் அவை மற்ற எலிகளைப் போலவே எடை இழந்தன. ஆகவே கிரெலின் கதையின் ஒரு பாத்திரம் மட்டுமே.

மற்ற பாத்திரங்கள் குடலின் கீழ்ப்பகுதியில் இருக்கின்றன. உணவு அங்கே வந்து சேரும்போது ஜிஎல்பி-1, பெப்டைடு ஒய்ஒய் என்ற ஹார்மோன்கள் சுரந்து, போதும் என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. ஜிஎல்பி-1 இன்சுலினையும் தூண்டுகிறது. பைபாஸிலும் ஸ்லீவிலும் உணவு விரைந்து கீழே இறங்குவதால், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் இவை பல மடங்கு பொங்குகின்றன. லண்டனில் கார்ல் லெ ரூ குழு, இந்த ஹார்மோன்களைத் தடுக்கும் ஊசியைப் போட்டுப் பார்த்தது. பைபாஸ் செய்தவர்கள் அன்று கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடை குறைக்க இரைப்பையின் கழுத்தில் வெறும் பட்டை மாட்டிக்கொண்டவர்களிடம் மாற்றமில்லை. பட்டை பையைச் சிறிதாக்கியதே தவிரக் குடலின் பேச்சை மாற்றவில்லை. பட்டை முறை ஏறத்தாழ வழக்கொழிந்துபோனது.

நெய்யூர் நோயாளிகளின் நாலு கவள வயிற்றுக்கும் இனி விளக்கம் சொல்லலாம். குடற்புண்ணுக்காக இரைப்பையை வெட்டியவர்கள் கீழ்ப்பகுதியை எடுத்தார்கள், குவிமாடத்தை விட்டுவைத்தார்கள். ஸ்லீவ் செய்பவர்கள் குவிமாடத்தை எடுத்துக் கீழ்ப்பகுதியை விடுகிறார்கள். எதிரெதிர் வெட்டுகள். பொதுவானது, உணவு சிறுகுடலுக்குள் சட்டென்று கொட்டுவது. புது வாசல் அறுவையும் அதைத்தான் செய்தது. டம்பிங் என்று அஞ்சப்பட்டதும் போதும் என்ற ஹார்மோன்கள் பொங்குவதும் ஒரே விரைவின் இரண்டு விளைவுகள்.

குடற்புண் அறுவை 1980களுக்குப் பின் மளமளவென்று குறைந்தது. அமிலம் குறைக்கும் மாத்திரைகளும், மார்ஷலும் வாரனும் கண்டறிந்த ஹெலிகோபாக்டர் கிருமிக்கான மருந்துகளும் கத்திக்கு வேலையில்லாமல் செய்துவிட்டன. இரைப்பை அறிந்த கைகள் தமிழ்நாட்டில் நிறைய இருந்தன. சென்னை மருத்துவக் கல்லூரியில் என். ரங்கபாஷ்யம் இரைப்பை, குடல் அறுவைக்கெனத் தனித்துறை வளர்த்திருந்தார். 1990இல் மும்பையில் அறுவை மருத்துவர் உத்வாடியா பித்தப்பையைத் துளைவழி நீக்கிய பிறகு, கோவையில் சி. பழனிவேலு போன்றவர்கள் அந்த நுட்பத்தைப் பெரிய அறுவைகளுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு சாண் தழும்பு சிறு துளைகளாகச் சுருங்கியது. உடற்பருமன் அறுவை சென்னையில் வேர்விட்டது இந்த நிலத்தில்.

நீரிழிவு அதற்கு உரமிட்டது. 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென வெளிநோயாளிப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்தே சென்னை இந்த நோயை உன்னிப்பாகக் கவனித்துவரும் நகரம். இந்தியர்களுக்கு மேலைநாட்டவரைவிடக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வருகிறது. அதனால் அறுவைக்கான எல்லையும் இங்கே தாழ்த்தப்பட்டது. அமெரிக்கா 1991இல் வகுத்த உடல் நிறைக் குறியீட்டு எல்லை 40, இணைநோய் இருந்தால் 35. இந்திய வல்லுநர்கள் 2009இல் அதை 37.5, 32.5 என்று வைத்தார்கள்.

அறுவைக்குப் பிந்தைய சாப்பாட்டுத் தட்டு நங்கநல்லூர் போன்ற ஊரின் சைவச் சமையலறையில் எப்படி மாறுகிறது என்பதைத் தனியே பார்க்க வேண்டும். முதல் வாரங்களில் தெளிந்த மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், ரசம். பிறகு குழையப் பிசைந்த தயிர்ச்சாதம். மாதம் ஒன்றானபின் ஒரு இட்லி; அதைப் பிட்டுப் பிட்டு மென்று முடிக்க இருபது நிமிடம். முன்பு ஆறு இட்லிக்குப் பின்னும் ஏழாவதைத் தேடிய கை, பாதியில் தானாக நிற்கும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. பாயசம் ஒரு டம்ளர் போதும், பழைய டம்பிங்கை வரவழைக்க. ஆஞ்சநேயர் வடைமாலையின் ஒரு வடை ஒரு வேளைச் சாப்பாடாகிவிடும். எண்ணெய்ப் பண்டத்தின் மேலிருந்த ஆசையே பலருக்குக் குறைகிறது. நாக்கின் நாட்டமும் மாறுகிறது என்பதற்கு மூளைப் படங்களும் சான்று தருகின்றன. சைவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. பி12 வைட்டமின் அவர்களுக்குப் பாலும் தயிரும் வழியே மட்டும் கிடைக்கிறது. அதை உறிஞ்ச உதவும் பொருள் இரைப்பையில் சுரக்கிறது. இரைப்பை சுருங்கினால் பி12, இரும்பு, கால்சியம் ஆகியவற்றை ஆயுள் முழுக்கக் கண்காணித்து மருந்தாக எடுக்க வேண்டிவரும்.

அபாயமே இல்லாத அறுவை எதுவும் கிடையாது. 2024 ஏப்ரலில், நங்கநல்லூருக்கு மேற்கே விமான நிலையத்தைத் தாண்டி வரும் பம்மலில், தனியார் மருத்துவமனை ஒன்றில் எடைக்குறைப்பு அறுவைக்குச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இறந்தார். அரசு விசாரணை நடந்தது. அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் அந்தச் செய்தி நெடுநாள் பேச்சாக இருந்தது.

அறுவை கற்றுக்கொடுத்த பாடத்தை மருந்துத் தொழில் எடுத்துக்கொண்டது. குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் அதைப் போன்ற, நீடித்து நிற்கும் பொருள் ஒன்றை ஆய்வாளர் ஜான் எங் கண்டார். அதிலிருந்து வந்த மருந்து 2005இல் நீரிழிவுக்கு அனுமதி பெற்றது. வாரம் ஒருமுறை போடும் செமாகுளூட்டைட் பின்னர் வந்தது. அதைப் போன்ற இன்னொரு ஊசியான டிர்செபடைடு 2025 மார்ச்சிலும், எடைக்குறைப்புக்கான செமாகுளூட்டைட் அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. ஊசியை நிறுத்தினால் பசி திரும்பி, இழந்த எடையில் பெரும்பகுதி ஓராண்டில் ஏறிவிடுகிறது. அறுவைக்குப் பின்னும் சில ஆண்டுகளில் சிலருக்குப் பசி ஓரளவு திரும்பும். அவர்களில் சிலருக்கு இதே ஊசி எழுதித் தரப்படுகிறது. மருந்துக் கடைகளில் அதற்குத் தனி இடம் தேவைப்படவில்லை. 2 முதல் 8 டிகிரி வரை குளிரூட்டிய, இன்சுலின் குப்பிகள் இருக்கும் அதே கண்ணாடிப் பெட்டியில் அதுவும் வைக்கப்படுகிறது.